அரசுச் செலவுக் கணக்கை நாமே வரைபடமாக்குவது எப்படி?

அரசு வெளியிடும் செலவுக் கணக்குகளிலிருந்து வேண்டிய துறையையும் வேண்டிய ஆண்டுகளையும் மட்டும் எடுத்து நீங்களே வரைபடம் போட விரும்புகிறீர்கள். எந்த மென்பொருள் நல்லது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருளைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் அதன் பங்கு சிறியது. செலவு வரைபடங்களில் நான் காணும் பிழைகளில் பெரும்பாலானவை வரையும்போது நேர்ந்தவை அல்ல. எந்த எண்ணை எடுத்தோம், அதை எதால் வகுத்தோம் என்ற இடத்திலேயே அவை நேர்ந்துவிடுகின்றன. அதன் பிறகு எவ்வளவு அழகாக வரைந்தாலும் அந்தப் பிழை அப்படியே நிற்கும்.

வகுப்பதிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க மத்திய அரசு 1980 நிதியாண்டில் செலவிட்டது சுமார் 591 பில்லியன் டாலர். 2000ஆம் ஆண்டில் சுமார் 1,789 பில்லியன். இந்த இரண்டையும் அப்படியே பட்டைகளாகப் போட்டால் அரசு மும்மடங்கு வீங்கிவிட்டதாகத் தோன்றும். அதே இருபது ஆண்டுகளில் அந்நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீடு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் ஏறியிருக்கிறது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் உயர்வு சுமார் 45 சதவீதம்தான். மக்கள்தொகையும் சுமார் 22.65 கோடியிலிருந்து 28 கோடிக்கு மேல் வளர்ந்தது. தலைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் உயர்வு சுமார் 17 சதவீதமாகச் சுருங்குகிறது. கடைசியாக, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்: 1980இல் சுமார் 21, 2000இல் 18க்கும் சற்றுக் குறைவு. அதாவது கோடு கீழே இறங்குகிறது. மூலக் கணக்கு ஒன்றுதான், நான்கு வரைபடங்களிலும் எண் பிழை எதுவும் இல்லை. ஆனால் முதலாவதைப் பார்ப்பவரும் நான்காவதைப் பார்ப்பவரும் ஒரே அரசைப் பற்றி நேரெதிரான முடிவுக்கு வருவார்கள்.

அப்படியானால் எதை எடுப்பது? நான் பின்பற்றும் வழக்கம் இது. அரசின் மொத்த அளவு பொருளாதாரத்துக்கு எவ்வளவு பெரியது என்பது கேள்வியானால் உள்நாட்டு உற்பத்தியின் சதவீதம். மக்களுக்குக் கிடைக்கும் ஒரு சேவை கூடியதா குறைந்ததா என்பது கேள்வியானால் விலைவாசி நீக்கிய தலா செலவு. கல்வி என்றால் மக்கள்தொகையை விடப் பள்ளி மாணவர் எண்ணிக்கையால் வகுப்பது இன்னும் நேர்மையானது. அரசு எதற்கு முன்னுரிமை தருகிறது என்பது கேள்வியானால் மொத்தச் செலவில் அந்தத் துறையின் பங்கு. வகுக்காத வெறும் தொகையை ஒரே ஆண்டுக்குள் துறைகளை ஒப்பிடும்போது மட்டும் பயன்படுத்துகிறேன். பல ஆண்டுகளுக்கு வெறும் தொகையை வரைந்து, “வரலாறு காணாத ஒதுக்கீடு” என்று தலைப்பிடுவதை நான் ஏற்பதில்லை. விலைவாசி ஏறிக்கொண்டே இருக்கும் நாட்டில் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் வரலாறு காணாததாகத்தான் இருக்கும்.

சதவீதக் கோட்டிலும் ஒரு கண்ணி உண்டு. பொருளாதாரம் சுருங்கினால், அரசு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவிடாவிட்டாலும் சதவீதம் ஏறும். 2020ஐச் சேர்த்து வரைபவர்கள் இதை மறக்கக் கூடாது: அந்த ஆண்டில் பல நாடுகளில் செலவும் கூடியது, உற்பத்தியும் குறைந்தது. அதனால் உற்பத்திக் கோட்டையும் பக்கத்தில் ஒரு சிறு படமாக வைத்துவிடுவேன். தவிர, உள்நாட்டு உற்பத்தி எண்களே திருத்தப்படுபவை. இந்தியாவில் 2015 ஜனவரியில் அடிப்படை ஆண்டை, அதாவது மற்ற ஆண்டுகளை ஒப்பிட அளவுகோலாகக் கொள்ளும் ஆண்டை, 2011-12க்கு மாற்றினார்கள். பழைய தொடரின் உற்பத்தியால் பாதி ஆண்டுகளையும் புதிய தொடரால் மீதியையும் வகுத்தால், ஒட்டிய இடத்தில் செலவே மாறியதுபோல ஒரு மடிப்பு விழும்.

அடுத்தது, எந்த எண் என்ற கேள்வி. இந்திய பட்ஜெட் ஆவணத்தில் ஒரே தலைப்புக்கு எதிரே நான்கு பத்திகள் இருக்கும்: இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய உண்மைச் செலவு, நடப்பு ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு. முதலாவது நடந்தது, மற்றவை அரசு எண்ணியது அல்லது எதிர்பார்ப்பது. இவற்றை ஒரே கோட்டில் ஒட்டினால் கடைசி ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டும் வேறு இனத்தவை. பத்தாண்டு வரைபடத்தில் பழைய ஆண்டுகளுக்கு உண்மைச் செலவையும் கடைசி ஆண்டுக்கு மதிப்பீட்டையும் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், மதிப்பீட்டுப் பகுதியைப் புள்ளிக்கோடாக வரையுங்கள். நான் அதிகம் விரும்பும் வரைபடம் ஒன்று இங்கேதான் இருக்கிறது: ஒரே துறைக்கு, ஒவ்வோர் ஆண்டும், பட்ஜெட்டில் சொன்னதற்கும் உண்மையில் செலவானதற்கும் உள்ள இடைவெளி. அறிவிப்புகளுக்கும் நடப்புக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் எனக்குத் தெரியாது. இதற்கு ஒவ்வோர் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீட்டையும் அந்தந்த ஆண்டின் ஆவணத்திலிருந்து எடுக்க வேண்டும், உண்மைச் செலவை இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ஆவணத்திலிருந்து எடுக்க வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை, ஆனால் செய்யத் தகுந்தது.

ஆண்டு என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அமெரிக்க மத்திய அரசுக்கு அக்டோபர் முதல் செப்டம்பர் வரை. ஆஸ்திரேலியாவுக்கு ஜூலை முதல் ஜூன் வரை. “2020” என்ற ஒற்றை எண்ணின் கீழ் நாடுகளை வரிசையாக நிறுத்தினால், 2020 மார்ச்சில் முடிந்த இந்திய ஆண்டில் பெருந்தொற்றுச் செலவு ஏறக்குறைய இராது. அதே ஆண்டு செப்டம்பரில் முடிந்த அமெரிக்க ஆண்டின் பிற்பாதி அதனால் நிறைந்திருக்கும்.

யாருடைய செலவு என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. மத்திய அரசு மாநிலத்துக்கு மானியமாகத் தரும் பணம் மத்திய அரசின் கணக்கில் செலவு. அதை மாநிலம் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ கொடுக்கும்போது மாநிலக் கணக்கிலும் செலவு. இரண்டையும் கூட்டி “நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவு” என்று போட்டால் ஒரே பணம் இருமுறை எண்ணப்படும். அமெரிக்காவில் வறியவர்களுக்காக மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து செலவிடும் மெடிக்எய்ட் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இதே சிக்கல்தான். கூட்டுவதற்கு முன் அரசுகளுக்கிடையிலான பரிமாற்றத்தைக் கழியுங்கள். அல்லது இரண்டையும் கூட்டாமல் தனித்தனிப் படமாக வைத்துவிடுங்கள்.

இனி சொல்வதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. நீண்ட தொடர் எதிலும் முறிவுகள் இருக்கும். கோட்டில் திடீர்க் குதியோ பள்ளமோ கண்டால், அதற்குக் கதை எழுதுவதற்கு முன் கணக்கு முறையில் ஏதும் மாறியதா என்று பாருங்கள். இந்திய மத்திய அரசின் உணவு மானியத்தை வரைந்தால் 2019-20இல் சுமார் 1.09 லட்சம் கோடி ரூபாயாக இருப்பது 2020-21இல் சுமார் 5.41 லட்சம் கோடியாகத் தாவுவதைக் காண்பீர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் இலவச தானியம் கொடுத்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்திய உணவுக் கழகத்துக்குத் தர வேண்டிய மானியத்தில் ஒரு பகுதியைப் பட்ஜெட்டில் காட்டாமல், தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து அந்தக் கழகம் கடன் வாங்கிச் சமாளித்தது. 2020-21இல் அந்தக் கடனைத் தீர்க்கும் பணமும் மானியக் கணக்கில் வந்து சேர்ந்தது. ஆகவே அந்தப் படத்தில் முந்தைய ஆண்டுகள் உண்மையைவிடத் தாழ்வு, அந்த ஓர் ஆண்டு உண்மையைவிட உயர்வு. அடிக்குறிப்பு இல்லாமல் அதை வெளியிடுவது படிப்பவரை ஏமாற்றுவதாகும்.

இன்னும் விசித்திரமானது அமெரிக்கக் கல்வித் துறையின் கணக்கு. 2022 நிதியாண்டில் அதன் செலவு 600 பில்லியன் டாலரைத் தாண்டுகிறது. 2023இல் அது பூஜ்யத்துக்கும் கீழே போய் எதிர்ம எண்ணாகிறது. பள்ளிகள் எவையும் மூடப்படவில்லை. கல்விக் கடன் தள்ளுபடி அறிவிப்பின் முழு எதிர்காலச் சுமையையும் 2022இல் ஒரேயடியாகப் பதிந்தார்கள். 2023இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் அந்தப் பதிவைத் திருப்பினார்கள். அந்நாட்டில் கடன் திட்டங்களைக் கணக்கிடும் முறை அப்படி. இதே போல 1976இல் அந்நாட்டு நிதியாண்டின் தொடக்கம் ஜூலையிலிருந்து அக்டோபருக்கு மாறியபோது, நடுவில் மூன்று மாதங்கள் எந்த ஆண்டிலும் சேராமல் தனி வரிசையாக நின்றன. சுமார் 96 பில்லியன் டாலர் கொண்ட அந்த வரிசையை ஓர் ஆண்டாக எண்ணி வரைந்தால் செலவு கால் பங்காகச் சரிந்ததுபோல் ஒரு பள்ளம் தெரியும். ஆந்திரப் பிரதேசத்தின் தொடரில் 2014-15இல் வரும் மாற்றத்துக்குக் காரணம் 2014 ஜூன் 2இல் தெலங்கானா தனி மாநிலமானது. இத்தகைய இடங்களில் கோட்டை வெட்டி விடுங்கள். மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்றை இழுத்து, பக்கத்திலேயே காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். கோட்டைச் சமன்படுத்தி முறிவை மறைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை.

நாடுகளை ஒப்பிடுவதானால் துறைப் பெயர்களை நம்பாதீர்கள். ஐ.நா.வின் செயற்பாட்டு வகைப்பாடு அரசுச் செலவைப் பத்துப் பெரும் பிரிவுகளாகப் பிரிக்கிறது. அதில் முன்னாள் ராணுவத்தினரின் ஓய்வூதியம் சமூகப் பாதுகாப்பில் சேரும். இந்திய பட்ஜெட்டிலோ அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. பொதுக்கடனுக்கான வட்டி அந்த வகைப்பாட்டில் “பொது அரசுப் பணிகள்” என்ற பிரிவுக்குள் போய்விடும். தெரியாதவர் அந்தப் பட்டையைப் பார்த்து அலுவலக நிர்வாகத்துக்கே இவ்வளவா என்று கொதிப்பார். நான் வட்டியை எப்போதும் தனியாக எடுத்துக் காட்டுகிறேன்.

எண்களை அட்டவணையாக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டுகளைக் குறுக்கே பரப்பாமல், ஒவ்வொரு வரிசையிலும் ஆண்டு, அரசு, துறை, மதிப்பீடா உண்மைச் செலவா என்ற குறிப்பு, தொகை, அலகு, எடுத்த ஆவணம், பக்கம் என்று எழுதுங்கள். இப்படி நீளவாக்கில் வைத்தால் விரிதாள் மென்பொருளில் எண்களை வேண்டியபடி தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் மூலம் எந்தக் கோணத்திலும் படத்தைத் திருப்பலாம். அலகுப் பத்தியை ஒருபோதும் விடாதீர்கள்; கோடியும் லட்சமும் மில்லியனும் கலந்த அட்டவணையில் பத்து மடங்குப் பிழை சத்தமில்லாமல் நுழையும். வெறும் புள்ளிகள் இட்ட கட்டம் பெரும்பாலும் “இல்லை” என்று பொருள்படும். அமெரிக்க அட்டவணைகளில் நட்சத்திரக் குறி இருந்தால் தொகை இருக்கிறது, ஆனால் முழுமைப்படுத்தும்போது பூஜ்யமாகிவிடும் அளவுக்குச் சிறியது. பிடிஎஃப் கோப்பிலிருந்து எடுத்தால், துறைகளைக் கூட்டி ஆவணம் தரும் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த பிறகே மேலே போங்கள்.

படத்தின் வகையைப் பொறுத்தவரை, காலப்போக்குக்குக் கோடு, ஓர் ஆண்டின் ஒப்பீட்டுக்குக் கிடைமட்டப் பட்டை. இந்த இரண்டும் தொண்ணூறு சதவீதத் தேவைகளுக்குப் போதும் என்பது என் கருத்து. துறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பரப்பு வரைபடத்தில் அடியில் உள்ள துறையை மட்டும்தான் கண் சரியாக அளக்கும். மற்றவை கீழே உள்ளவற்றின் ஏற்ற இறக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும். துறைக்கொரு சிறு படம் என்று ஒரே அளவுகோலில் வரிசையாக வைப்பது அதைவிட எவ்வளவோ மேல். வட்ட வரைபடத்தில் எதிர்ம எண்ணைக் காட்டவே முடியாது, அரசுக் கணக்கிலோ எதிர்ம எண்கள் சாதாரணமாக வரும். பட்டைகளின் அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவுகோல் கொண்ட படத்தை நான் வரைவதில்லை, ஏனென்றால் கோடுகள் எங்கே சந்திக்கின்றன என்பதை வரைபவரே தீர்மானித்துவிடலாம்.

மென்பொருளுக்கு வருகிறேன். எக்செல், லிப்ரேஆபிஸ், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் தொடங்கப் போதும். இணையத்தில் வெளியிட டேட்டாராப்பர் என்ற இணையவழி வரைபடக் கருவி எளிது. ஒவ்வோர் ஆண்டும் புதிய எண்களைச் சேர்த்து அதே படங்களை மறுபடி உருவாக்கும் எண்ணம் இருந்தால் ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல்மொழிகளில் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். எண்ணை எப்படி மாற்றினோம் என்பது நிரலில் எழுத்தாகவே பதிவாகிவிடும்.

முதல் முயற்சிக்கு ஒரே துறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அரசு, பத்து ஆண்டுகள், உண்மைச் செலவு மட்டும். முதலில் வெறும் தொகை, பிறகு விலைவாசி நீக்கியது, பிறகு தலா, பிறகு உள்நாட்டு உற்பத்தியின் சதவீதம் என்று நான்கு படங்களையும் போட்டு ஒன்றாக வைத்துப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு எது விடை சொல்கிறதோ அதை வெளியிடுங்கள். அட்டவணைக் கோப்பையும் கூடவே இணைத்துவிட்டால் படிப்பவர் மற்ற மூன்றையும் தாமே வரைந்து பார்த்துக்கொள்ள முடியும்.