சுரங்கத்துக்குள் இறங்கத் தனி அனுமதி வேண்டுமா?

சாவகச்சேரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: "கார்டிஃபில் இருக்கும் மகளிடம் போகிறேன். அங்கிருக்கும் பழைய நிலக்கரிச் சுரங்கத்தை ஐந்து வயதுப் பேரனோடு பார்க்க ஆசை. அதற்குத் தனி அனுமதியும் மருத்துவச் சான்றிதழும் விசாவோடு இணைக்க வேண்டும், செலவு தனி என்கிறார் முகவர். உண்மையா?"

பொய், ஐயா. நீங்கள் சொல்வது பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில், பிளைனாவன் என்ற ஊரில் உள்ள பிக் பிட் சுரங்கம். 1980இல் நிலக்கரி வெட்டுவது நின்று, 1983இல் பார்வையாளருக்குத் திறந்தார்கள். இப்போது அது வேல்ஸின் தேசிய நிலக்கரி அருங்காட்சியகம். மேலே பார்க்க நுழைவுக் கட்டணம் இல்லை. கீழே இறங்குவதற்கான பதிவை அருங்காட்சியகத்தின் இணையத்தளத்திலேயே மகள் செய்துவிடுவார். விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

விசாப் படிவம் பிரித்தானிய அரசாங்கத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. கட்டணத்தையும் அங்கேயே கட்டலாம். முகவர் செய்வது தட்டச்சு வேலைதான். அதோடு நின்றால் பரவாயில்லை. "வங்கியில் காசு குறைவாக இருக்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பாரே, அங்கேதான் ஆபத்து. பொய் ஆவணம் போனால், அது உங்களுக்குத் தெரியாமல் போயிருந்தாலும் விண்ணப்பம் மறுக்கப்படும். தெரிந்தே ஏமாற்றியதாக முடிவெடுத்தால் 10 ஆண்டுகள் அந்தப் பக்கமே போக முடியாது. அப்போது முகவர் போனையே எடுக்க மாட்டார். மறுத்தால் மேன்முறையீடும் இல்லை, கட்டிய காசும் திரும்பாது. வாழ்நாள் முழுக்கப் படிப்பித்தவரிடம், திரும்பி வருவாய் என்று நிரூபி என்று கேட்கிற முறை இது. எரிச்சல்தான், என்ன செய்வது? ஓய்வூதியக் கடிதம், காணி உறுதி, மகளின் அழைப்புக் கடிதம், எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி கொடுங்கள்.

சரி, பேரன் விஷயம். அங்கே பார்ப்பது வயதை அல்ல, உயரத்தை. 1 மீற்றருக்குக் குறைந்த பிள்ளையைக் கீழே விடமாட்டார்கள். ஐந்து வயது ஆகிவிட்டது என்று வாதாடிப் பயனில்லை. அழுதாலும் விடமாட்டார்கள், மகள் சண்டை பிடித்தாலும் விடமாட்டார்கள். வீட்டிலேயே சுவரோரம் நிறுத்தி அளந்துவிட்டுப் போங்கள்.

இறங்குவது 90 மீற்றர். தலைக்கவசம், விளக்கு, பற்றறி, ஆபத்துக்கால மூச்சுக் கருவி என்று ஏறக்குறைய 5 கிலோவைச் சுமக்க வேண்டும். போன், பற்றறி மணிக்கூடு, லைற்றர் எல்லாவற்றையும் மேலேயே வாங்கி வைப்பார்கள். நிலக்கரியிலிருந்து கசியும் மீதேன் வாயு ஒரு சிறு பொறியிலும் வெடிக்கும். வேல்ஸிலேயே 1913இல் செங்ஹெனித் சுரங்க வெடிப்பு 439 தொழிலாளரைக் கொன்றது. மூச்சுக் கோளாறு, முழங்கால் வருத்தம் இருந்தால் முன்கூட்டியே அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேளுங்கள். சில இடங்களில் குனிந்துதான் நடக்க வேண்டும்.

கூட்டிப் போகிறவர்கள் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள். ஓரிடத்தில் எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்வார்கள். அந்த இருட்டில்தான் ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைகள் காற்றுக் கதவைத் திறந்து மூடிக்கொண்டு இருந்தார்கள். பத்து வயதுக்குக் குறைந்த பையன்களையும் எல்லாப் பெண்களையும் நிலத்தடி வேலைக்கு இறக்கக்கூடாது என்ற சட்டம் 1842இல்தான் வந்தது. குதிரை லாயங்களும் கீழேயே இருக்கின்றன, பேரனுக்கு அது பிடிக்கும்.

கடவுச்சீட்டை முகவரிடம் கொடுத்துவிட்டீர்களென்றால், நாளைக்கே போய் வாங்கிக்கொண்டு வாருங்கள்.