வேட்டை நிலம் சதுப்பு, வண்டிக்கு அகலமான டயர் மாட்டினால் போதுமா?

போதாது. வண்டி புதைவதும் மிதப்பதும் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. தரையில் விழும் அழுத்தம் ஏறக்குறைய அந்தக் காற்றழுத்த அளவுதான். 1,000 கிலோ வண்டிக்கு 3 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்த அலகு) வைத்தால் ஒவ்வொரு டயரும் சுமார் 1,200 சதுர செ.மீ. பரப்பில் படியும். நடக்கும் மனிதனின் கால்கூட அதைவிட அதிகமாக அழுத்தும். ஆனால் அவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். டயர் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் ரிம் கட்டாயம்.

பெரிய டயர் ஆக்சிலை முறிக்கும். கனமான ஆக்சில் போட்டால் எடை கூடி மறுபடி புதையும், என்ன செய்ய! பாடியில்தான் எடையைக் குறைக்க வேண்டும். ஆழமான பட்டன் (தரையைக் கவ்வும் ரப்பர் கட்டிகள்) உள்ள டயரும் வேண்டாம். சதுப்பின் மேல் வண்டியைத் தாங்கும் செடிகளின் வேர்ப்பின்னலையே அது கிழித்துவிடும்.

சேற்றுக்கடியில் பாறை இருந்தால் கதை வேறு. அமெரிக்காவில் புளோரிடாவின் பிக் சைப்ரஸ் சதுப்புப் பகுதியில் சுண்ணாம்புப் பாறை கிட்டத்திலேயே இருப்பதால், உயரமான டிராக்டர் டயர்களும் அங்கே நன்றாகவே ஓடுகின்றன.