சேட் பொக்கெற்றுக்குள் ஒரு சின்ன டோர்ச்

வாசகர் கேள்வி – பதில்

வேலைக்குப் போகும் உடுப்போடு, பார்ப்பவருக்குத் துருத்திக்கொண்டு தெரியாமல், அவசரத்துக்கு உதவும் பொருட்களை எப்படி வைத்திருப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: கிளிநொச்சியில் வங்கியொன்றில் வேலை. வெள்ளைச் சேட், கறுப்பு நீளக் காற்சட்டை, சப்பாத்து. மாலையில் பரந்தனில் பஸ் இறங்கி உள்றோட்டால் மூன்று கிலோமீற்றர் சைக்கிளில் போகவேண்டும். இணையத்தில் தேடினால் கத்தி, கயிறு, நெருப்புக் கல் என்று ஒரு மூட்டையே சொல்கிறார்கள். உடுப்புக் குழம்பாமல் எதை வைத்திருக்கலாம்?
— வங்கி உத்தியோகத்தர், பரந்தன்

பதில்: அந்தப் பட்டியல்கள் காட்டில் கூடாரம் அடித்துத் தங்குபவர்களுக்காக எழுதப்பட்டவை. உங்கள் பாதையில் நடக்கக்கூடியது என்ன என்று முதலில் எண்ணிப் பாருங்கள். இங்கே வருடம் முழுக்க ஏழு மணிக்கெல்லாம் இருண்டுவிடும். தெருவிளக்கு இல்லாத இடத்தில் சைக்கிள் லைற் அணையலாம், போன் செத்துப் போகலாம், விழுந்து காலில் அடிபட்டுக் கூப்பிட ஆளில்லாமல் கிடக்கலாம். இவை எதற்கும் கத்தி உதவாது. உதவுபவை வெளிச்சம், சத்தம், கொஞ்சக் காசு, நாலு தொலைபேசி எண்கள்.

டோர்ச்சிலிருந்து தொடங்குவோம். ஒரேயொரு சிறிய பற்றரி, அதாவது கடையில் 'ட்ரிப்பிள் ஏ' என்று கேட்டு வாங்கும் அளவு, போடுகிற பேனா மாதிரியான டோர்ச் போதும். பற்றரியோடு சேர்த்து 30 கிராம் அளவுதான் வரும். 80 லூமன் வெளிச்சம் இருந்தால் சைக்கிள் வேகத்துக்குப் பள்ளம் தெரியும். திறப்புக் கோர்வையில் தொங்கும் காசு வடிவப் பற்றரி லைற்றை நம்பவேண்டாம். அது பூட்டின் துவாரத்தைக் காட்டும், றோட்டைக் காட்டாது.

வெள்ளைச் சேட்டின் பொக்கெற்றில் கறுப்பு டோர்ச் அப்படியே வெளியே தெரியும். மடித்த வெள்ளைக் கைலேஞ்சியை முன்புறமும் டோர்ச்சை உடம்புப் பக்கமும் வையுங்கள். டோர்ச்சின் கிளிப், பேனாவின் கிளிப்பைப் போல மேலே தெரிந்தால் யாரும் இரண்டாம் முறை பார்க்கமாட்டார்கள். இதில் பிழைப்பது ஒன்றுதான்: குனியும்போது விழுந்துவிடும். அநேகமாகக் கிணற்றடியில், இல்லாவிட்டால் கழிப்பறையில். பொக்கெற் வாயின் மடிப்புத் தையலைத் தாண்டிக் கிளிப் முழுதாக இறங்கியிருக்கவேண்டும். வீட்டில் மூன்று தரம் குனிந்து பாருங்கள். விழுந்தால் அந்தச் சேட்டுக்கு அந்தக் கிளிப் சரிவராது. சேட் பொக்கெற்றில் டோர்ச், பேனா, கைலேஞ்சி தவிர நாலாவது பொருள் வேண்டாம். பாரம் கூடினால் ஒரு பக்கத் தோள் இழுபட்டு, பொத்தான் வரிசையே கோணலாகிவிடும்.

திறப்புக் கோர்வையில் தட்டையான பிளாஸ்ரிக் விசில் ஒன்று. உள்ளே உருண்டை இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். உருண்டை உள்ளது மழையில் நனைந்தாலும் மண் புகுந்தாலும் ஒட்டிக்கொள்ளும். அடிபட்டுக் கிடக்கிறவருக்குத் தொண்டையால் கத்த ஐந்து நிமிடம்கூட முடியாது, விசிலை ஒரு மணித்தியாலமும் ஊதலாம். மும்மூன்றாக ஊதி, இடையில் கொஞ்சம் நிறுத்திக் காது கொடுங்கள். மூன்று ஊதல் உதவி கேட்கும் அடையாளம்.

பேர்ஸில் பழைய வங்கி அட்டை ஒன்றின் குறுக்கே கறுப்பு இன்சுலேசன் ரேப்பைச் சுற்றிவையுங்கள். ஒரே இடத்தில் சுற்றினால் மேடாகிப் பேர்ஸ் பொம்மும். அட்டையின் நீளத்தில் மூன்று இடம் பிரித்து, இடத்துக்கு மூன்று சுற்று போட்டால் மொத்தம் ஒரு மீற்றர் ரேப் அடங்கும், தடிப்பு ஒரு மில்லிமீற்றரும் அதிகரிக்காது. சப்பாத்தின் அடி கழன்றால், லைற்றின் வயர் அறுந்தால், பிளாஸ்ரர் வியர்வையில் கழன்றால் கைகொடுப்பது இதுதான்.

கடைசியாக ஒரு சின்ன மட்டை: இரத்த வகை, ஒவ்வாத மருந்து, வீட்டார் இருவரின் எண்கள், 1990 (அம்புலன்ஸ்), 119 (பொலிஸ்). போன் செத்தால் வீட்டு எண்ணே பலருக்கு மனப்பாடமில்லை. பென்சிலால் எழுதி, இரு பக்கமும் செலோரேப் ஒட்டுங்கள், ஜெல் பேனா வியர்வையில் கரைந்துவிடும். 1990 அம்புலன்ஸ் இலவசம். ஆனால் 'உள்றோட்டில் நிற்கிறேன்' என்றால் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. கோயில், பாடசாலை, வாய்க்கால் பாலம் என்று ஏதாவது ஒரு அடையாளம் சொல்லுங்கள். பிரதான வீதியென்றால் கிலோமீற்றர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள்.

கேள்வி: துணுக்காய்ப் பக்கம் ஆசிரியை. சேலையோடு ஸ்கூட்டியில் போய்வருகிறேன். சேலையில் பொக்கெற் இல்லை, கைப்பையோ பெரும்பாலும் ஆசிரியர் ஓய்வறையில்தான் இருக்கும். எனக்கு என்ன வழி?
— ஆசிரியை, மல்லாவி

பதில்: சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். கைக்கெட்டாத பைக்குள் இருக்கும் பொருள் அவசரத்துக்கு இல்லாத பொருள்தான். உட்பாவாடையில் ஒரு பொக்கெற் தைத்துக்கொள்ளுங்கள். 12 சென்ரிமீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் ஆழம், பருத்தித் துணி, வாயில் ஒரு சிறிய பொத்தான். கொய்யகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, வலது இடுப்பில், நாடாவுக்குக் கீழே வரட்டும். முந்தானை அந்தப் பக்கத்தை மூடுவதால் வெளியே தெரியாது. நாடாவிலேயே சேர்த்துத் தைத்தால் பாரம் நாடாவை இழுத்துச் சேலை இறங்கும். ஒரு விரல் கீழே தள்ளித் துணியோடு தையுங்கள். அதற்குள் தட்டையானவை மட்டும்: விசில், மேலே சொன்ன மட்டை, ஆயிரம் ரூபா சில்லறைத் தாள்களாக, சேலைக்குக் குத்தும் ஊசிகள் நாலு. பெரிய ஊசி இரண்டு, சின்னது இரண்டு என்றால் செருப்பு வார் அறுந்தாலும் சமாளிக்கலாம்.

சேலையோடு ஸ்கூட்டி ஓட்டுபவர் கைப்பைக்குள் கட்டாயம் வைத்திருக்கவேண்டியது முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல். முந்தானையோ கொய்யகமோ சில்லுக்குள் போனால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். துணியைப் பிடித்து இழுக்கவேண்டாம், இழுக்க இழுக்க இறுகும். சில்லைப் பின்பக்கமாகக் கையால் சுற்றிப் பாருங்கள், வராவிட்டால் வெட்டுங்கள். சேலையைப் பார்த்துத் தயங்கிக் கழுத்தைக் கொடுக்கக்கூடாது. பின்னால் இருந்து போகிறவருக்கும் இதே ஆபத்து. முந்தானையை முன்னுக்குக் கொண்டுவந்து இடுப்பில் செருகி ஊசி குத்திய பிறகே ஏறவேண்டும்.

வெயில் காலத்துக்கு ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு–சீனித் தூள், ஒரு பக்கெற்றும் வையுங்கள். ஒரு பக்கெற் ஒரு லீற்றர் தண்ணீருக்கானது. அரை லீற்றர்ப் போத்தலுக்குள் முழுவதையும் கொட்டினால் உப்பு மிதமிஞ்சும், மாணவருக்குக் கொடுத்தால் நன்மையிலும் தீமை கூட. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்கவேண்டும், மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

கேள்வி: டோர்ச் வைத்திருந்தேன். தேவைப்பட்ட அன்று எரியவில்லை. திறந்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்துப்போய் இருந்தது. எறிவதா?
— எழுதுவினைஞர், முல்லைத்தீவு

பதில்: எறியவேண்டாம். அல்கலைன் பற்றரி ஒழுகிய வெள்ளைப் பூப்பு அது. மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் வெயிலில் கிடந்திருக்கவேண்டும், அல்லது இறங்கிய பற்றரியை மாற்றாமல் விட்டிருக்கவேண்டும். சூடும் முழுதாய் இறங்கிப்போவதும் இரண்டுமே உள்ளே வாயுவை உண்டாக்கி, அடைப்பைத் தள்ளித் திறந்துவிடும். பற்றரியை எடுத்து எறிந்துவிட்டு, பஞ்சுக் குச்சியில் தேசிக்காய்ச் சாறு தொட்டுப் பூப்பின்மேல் வையுங்கள். மெல்ல நுரைத்துக் கரையும். ஈரத் துணியால் துடைத்து, மூடியைக் கழற்றி ஒரு நாள் காயவிடுங்கள். சுருள் கம்பி பச்சையாக அரித்திருந்தால் உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கவும். கையைக் கழுவும்வரை கண்ணைத் தொடவேண்டாம், அந்தப் பூப்பு கண்ணை எரிக்கும்.

இனிமேல், எரிக்காத நேரத்தில் டோர்ச்சின் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். பைக்குள் தானாகவே எரிந்து இறங்குவதும் நிற்கும். மாதம் பிறக்கும் நாளில் ஒரு தரம் எரித்துப் பாருங்கள். இரண்டு பற்றரி போடும் டோர்ச் என்றால் பழையதும் புதியதும் கலந்து போடக்கூடாது, ஒழுகுவது பெரும்பாலும் அந்தக் கலப்பில்தான்.

கேள்வி: பேனாக் கத்தி, குறடு, திருப்புளி எல்லாம் ஒன்றாய் மடங்கும் கருவி ஒன்று வெளிநாட்டிலிருந்து அண்ணா அனுப்பினார். இடுப்புப் பட்டியில் மறைத்துக் கொண்டுபோகலாமா?
— வவுனியா வாசகர்

பதில்: வேண்டாம். வீட்டிலும் வாகனத்திலும் அது அருமையான கருவி. நீதிமன்றம், விமான நிலையம், சோதனை நடக்கும் எந்த வாசலிலும் அது கத்தியாகத்தான் பார்க்கப்படும், மறைத்து வைத்திருந்தது கூடுதல் சந்தேகம் தரும். பையைத் திறந்து காட்டச் சொன்னால் கூச்சமில்லாமல் காட்டக்கூடியதை மட்டும் உடம்போடு வைத்திருங்கள். கந்தோரில் கடதாசி வெட்ட மேசையில் இருக்கும் கத்தரிக்கோல் போதும். கதிரையின் ஆணி தளர்ந்தால் முடுக்க, கத்தி இல்லாத தட்டைத் திருப்புளி ஒன்று திறப்புக் கோர்வையில் இருக்கட்டும்.

கேள்வி: வெளிக்கள வேலை. வயல் வரப்பு, குளக்கட்டு, பற்றைக் காணி என்று நடக்கவேண்டும். பாம்பு கடித்தால் கட்டவும் கீறவும் கயிறும் பிளேடும் பையில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். சரியா?
— அபிவிருத்தி உத்தியோகத்தர், ஒட்டுசுட்டான்

பதில்: தயவுசெய்து இரண்டையும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் இரத்தம் ஓடாமல் காலே அழுகலாம். புடையன் பாம்பு கடித்தால் இரத்தம் உறையாத நிலை வரும். அந்த நேரத்தில் பிளேடால் கீறினால் நிற்காமல் ஓடும். வாயால் உறிஞ்சுவதும் பயனில்லை. வலிக்கு அஸ்பிரின் குளிசை போடவும் கூடாது, அதுவும் இரத்தப் போக்கைக் கூட்டும்.

பையில் இருக்கவேண்டியது ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறையாத அகலமுள்ள பந்தனத் துணி இரண்டு. கடித்த காலை அசையவிடாமல் மரச் சட்டத்தோடோ நீள அடிமட்டத்தோடோ சேர்த்துக் கட்ட அது உதவும். விரல் நுழையும் அளவு தளர்வாகக் கட்டுங்கள், அசையாமல் வைப்பதுதான் நோக்கம். மோதிரம், காப்பு, கொலுசு, சப்பாத்து எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்றமுடியாது. கடித்த நேரத்தைக் கையில் எழுதுங்கள். நடக்கவைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடிக்கப்போய் இரண்டாமவரும் கடிபடவேண்டாம். தூர நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

உடுப்பிலேயே பாதி பாதுகாப்பு இருக்கிறது. கணுக்கால் மூடும் கறுப்புச் சப்பாத்தும் தளர்ந்த நீளக் காற்சட்டையும் கந்தோருக்கும் பொருந்தும், வரப்புக்கும் பொருந்தும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். வன்னியில் இன்னமும் கண்ணிவெடி அகற்றப்படாத இடங்கள் உண்டு. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் மலசலத்துக்குக்கூடப் பாதையை விட்டு இறங்காதீர்கள். வெள்ளம் வடிந்த பிறகு, முன்பு துப்புரவாகத் தெரிந்த இடத்திலும் வெடிபொருள் மேலே வந்து கிடக்கலாம். சந்தேகமான இரும்பைக் கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி 119க்கு அறிவியுங்கள். இதற்கு எந்தக் கருவியும் உதவாது.

கேள்வி: மாரியில் கரண்ட் போனால் இரண்டு நாள் வராது. 10,000 என்று போட்ட பவர் பாங் என் 5,000 போனை இரண்டு தரம் நிரப்பவில்லையே, ஏமாற்றா?
— புதுக்குடியிருப்பு வாசகி

பதில்: ஏமாற்றாக இருக்கவேண்டியதில்லை. அந்த 10,000 மில்லி அம்பியர்மணி உள்ளிருக்கும் கலத்தின் 3.7 வோல்ற்றில் அளந்தது, அதாவது 37 வாட்மணி. வயருக்கு 5 வோல்ற்றாக மாற்றும்போதே எண் 7,400 ஆகிவிடும், சூடாக வீணாவது போக 6,000 சொச்சம் கிடைக்கும். ஆகவே உங்கள் போனை ஒரு தரம் முழுதாகவும், இன்னும் கொஞ்சமும் நிரப்பலாம். அதற்கும் குறைந்தால் வயரை மாற்றிப் பாருங்கள், மெல்லிய நீள வயரில் நிறைய வீணாகும்.

கைப்பைக்கு ஒரு சாண் நீள வயர் போதும். மழைக்கு இரண்டையும் சிப் வைத்த பொலித்தீன் பையில் போடுங்கள். அதேபோன்ற இன்னொரு பைக்குள் ஒரு சோடி காய்ந்த காலுறையும் மேசை லாச்சியில் இருந்தால், நனைந்த சப்பாத்தோடு நாள் முழுக்க இருந்து காலில் சேற்றுப்புண் வாங்கத் தேவையில்லை. பவர் பாங்கை மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் மட்டும் வைக்கவேண்டாம். வெயில் சூட்டில் அது ஊதும். ஊதியதை அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது, வீட்டுக்கு வெளியே தனியாக எடுத்து வையுங்கள்.