மின்சாரம் தயாரிக்கும் வீட்டுக்குப் பூட்டு போடும் ஐசொலேட்டர்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் அமைத்து, மின்வாரிய இணைப்போடு சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. பூட்டு போடும் வசதியுள்ள ஐசொலேட்டர் (மின் இணைப்பைக் கையால் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று அவசியம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கிருஷ்ணகிரியில் கடை கடையாகக் கேட்டதில் ஒருவர் இருமுனை எம்.சி.பி.யையும் (மின்சாரம் மிஞ்சினால் தானே டிரிப் ஆகும் சுவிட்ச்), இன்னொருவர் ஜெனரேட்டருக்கான சேஞ்ச் ஓவரையும், மூன்றாமவர் சோலாருக்கான டி.சி. (நேர் மின்னோட்ட) சுவிட்சையும் எடுத்து வைக்கிறார்கள். இங்கிலாந்தில் என் மகள் வீட்டில் வெந்நீரோடு மின்சாரமும் தரும் கேஸ் கொதிகலன் உள்ளது. அதன் பக்கத்தில் மஞ்சள் பெட்டியில் சிவப்புக் கைப்பிடியும் பூட்டு மாட்டும் துளையும் கொண்ட சுவிட்ச் ஒன்றைப் பார்த்தேன். அதையே வாங்கி வரச் சொல்லலாமா?
(வாசகர், காவேரிப்பட்டினம்)

பதில்: வாங்கி வரச் சொல்ல வேண்டியதில்லை, அதே வகை இங்கேயே கிடைக்கிறது. ஆனால் நீங்கள் கை காட்டிய பொருள் சரியானதுதான். கடைக்காரர்கள் எடுத்து வைத்த மூன்றைவிட அதுவே உங்கள் தேவைக்கு நெருக்கமானது.

உங்கள் மகள் வீட்டுக் கொதிகலனும் உங்கள் மாடிச் சோலாரும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான். இரண்டும் வீட்டுக்குள்ளிருந்து வெளியே மின்சாரம் அனுப்பக்கூடியவை. அந்தக் கொதிகலனுக்குள் பெரும்பாலும் ஸ்டர்லிங் எஞ்சின் என்னும் சிறு இயந்திரம் இருக்கும். கேஸ் எரியும் வெப்பத்தில் அது ஓடி ஏறத்தாழ 1 கிலோவாட் மின்சாரம் தரும், மிச்ச வெப்பம் தண்ணீரையும் அறைகளையும் சூடாக்கும். ஒரு ஃபேஸுக்கு 16 ஆம்பியருக்கு மேற்படாத இத்தகைய சிறு உற்பத்திக் கருவிகளுக்கென்று பிரிட்டனில் தனி இணைப்பு விதியே உண்டு. பொது மின்தொடரிலிருந்து அவற்றைத் துண்டித்து, துண்டித்த நிலையிலேயே பூட்டி வைக்கும் வழி இருக்க வேண்டும் என்பது அங்கும் நிபந்தனை. நம் நாட்டில் மத்திய மின்சார ஆணையம் 2013-இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளும் இதையே கேட்கின்றன: கையால் இயக்கும் துண்டிப்பு சுவிட்ச் வேண்டும், துண்டிக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடிய வேண்டும், திறந்த, அதாவது துண்டித்த, நிலையில் பூட்ட முடிய வேண்டும், மின்வாரிய ஊழியர் வீட்டுக்காரரின் அனுமதிக்குக் காத்திராமல் 24 மணி நேரமும் அதை எட்ட முடிய வேண்டும்.

பூட்டு எதற்கு என்று கேட்பவர்கள் தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மரை நினைத்துப் பார்க்க வேண்டும். 11,000 வோல்ட்டை வீட்டு மின்சாரமாகக் குறைத்துத் தரும் அதே டிரான்ஸ்ஃபார்மர், வீட்டுப் பக்கத்திலிருந்து 230 வோல்ட் திரும்பிப் போனால் அதை 11,000 வோல்ட்டாக உயர்த்தி மேல் லைனில் ஏற்றிவிடும். அங்கே கம்பத்தில் இருப்பவர், லைன் ஆஃப் ஆகிவிட்டது என்று நம்பிக் கை வைப்பவர். சோலார் பலகைகளின் டி.சி.யை வீட்டுக்கான ஏ.சி.யாக (மாறு மின்னோட்டமாக) மாற்றும் சோலார் இன்வெர்ட்டருக்குள், மின்தொடர் போனதும் தானே நின்றுவிடும் பாதுகாப்பு இருக்கிறது. முறையாகச் சோதிக்கப்பட்ட இன்வெர்ட்டர் 2 வினாடிக்குள் நின்றுவிடும். இருந்தாலும், தன் உயிரை இன்னொருவர் வீட்டு மின்னணுப் பலகையை நம்பி ஒப்படைக்கும்படி லைன்மேனிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை என்பது என் கருத்து.

இனி வாங்கும் விஷயத்துக்கு வருவோம். முதலில் ஆம்பியர். 3 கிலோவாட்டை 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 13 ஆம்பியர் வரும்; கணக்குப்படி 20 ஆம்பியர் போதும். நான் 32 ஆம்பியர் எடுக்கச் சொல்வேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சித்திரை வெயிலில் மேற்குச் சுவரில் மாட்டிய மூடிய பெட்டிக்குள் இருக்கும் வெப்பம், தயாரிப்பாளர் ஆம்பியர் அளவைக் குறித்த வெப்பத்தைத் தாண்டிவிடும். சோலாரோ அந்த நேரத்தில்தான் மணிக்கணக்காக முழு அளவு மின்சாரம் தள்ளிக்கொண்டிருக்கும். நாளைக்குப் பலகைகளைக் கூட்டி 5 கிலோவாட் ஆக்கினாலும் 22 ஆம்பியர் அளவில்தான் வரும், அதற்கும் இதுவே தாங்கும். மகள் வீட்டுக் கொதிகலன் 4 ஆம்பியர் சொச்சம்தான் தருகிறது. அங்கே 20 ஆம்பியர் சுவிட்சே தாராளம்.

அடுத்ததாக, பலரும் பார்க்காமல் விடுகிற எழுத்துகள். சுவிட்சின் பக்கவாட்டிலோ முகப்பிலோ ஐ.இ.சி. 60947-3 என்ற தர எண்ணும், அதன் அருகே ஏ.சி.-20, ஏ.சி.-21, ஏ.சி.-22, ஏ.சி.-23 என்பவற்றுள் ஒன்றும் அச்சிடப்பட்டிருக்கும். ஏ.சி.-20 என்று மட்டும் இருந்தால், மின்னோட்டம் ஓடாதபோது மட்டுமே திருப்ப வேண்டிய சுவிட்ச் அது. நம் விதி அதையும் ஏற்றுக்கொள்கிறது. மின்னோட்டம் ஓடும்போதே துண்டிக்கும் திறன் கட்டாயம் என்று விதி சொல்லவில்லை. ஆனால் அவசரத்தில் வருகிறவர் முதலில் இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு நிதானமாக வந்து கைப்பிடியைத் திருப்புவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஏ.சி.-22 அல்லது அதற்கு மேல் உள்ளதையே கேளுங்கள். கடைக்காரர் பார்த்துச் சொல்லத் தயங்கினால் பெட்டியைத் திறந்து நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

முனைகள் இரண்டு இருக்க வேண்டும்: ஒற்றை ஃபேஸ் வீட்டில் ஃபேஸும் நியூட்ரலும் ஒன்றாகத் துண்டாக வேண்டும். மூன்று ஃபேஸ் என்றால் நான்கு முனை. எர்த் கம்பி எந்தச் சுவிட்ச் வழியாகவும் போகக் கூடாது.

பூட்டுத் துளையைக் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். சாதாரணக் கதவுப் பூட்டின் வளையம் தடிமனாக இருந்து நுழையாமல் போவதுண்டு. கைப்பிடி ஆஃப் நிலைக்கு முழுமையாக வந்த பிறகே துளைகள் நேராகிப் பூட்டு இறங்க வேண்டும். பாதி திருப்பிய நிலையில் பூட்ட முடிந்தால் அந்தச் சுவிட்சை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நல்ல ஐசொலேட்டரில் உள்ளே தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் கைப்பிடியை ஆஃப் நிலையில் பூட்டவே முடியாது. ஆன் நிலையில் பூட்டும் துளை இருக்கவே கூடாது.

சுவரில் மாட்டும் பெட்டி வெளிப்புறத்துக்கு என்றால் தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 தரம் வேண்டும். கேபிள் அடிப்பக்கத்திலிருந்து, கிளாண்ட் (கேபிளை இறுக்கித் துளையை அடைக்கும் பிடி) போட்டு ஏற வேண்டும். மேல் பக்கம் துளையிட்டால் ஆடி மாதச் சாரலிலேயே தண்ணீர் இறங்கிவிடும். கிளாண்ட் போடாத துளை வழியாகப் பல்லியும் எறும்பும் போய்த் தொடுமுனைகளுக்கு நடுவே கருகிக் கிடக்கும் பெட்டிகளை நம் ஊரில் எந்தக் கம்பியாளரிடம் கேட்டாலும் சொல்வார். உயரத்தைப் பொறுத்தவரை அந்த 2013 ஒழுங்குமுறை தரையிலிருந்து குறைந்தது 2.44 மீட்டர், அதாவது எட்டு அடி, என்கிறது. நடைமுறையில் பல வீடுகளில் மீட்டர் மட்டத்திலேயே மாட்டுகிறார்கள். துளையிடும் முன் உங்கள் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பிறகு கழற்றி ஏற்றுவது இரட்டைச் செலவு.

கடைசியாக, அந்த டி.சி. சுவிட்ச். அது பலகைக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே வேண்டிய வேறொரு பொருள். வாங்கத்தான் வேண்டும், ஆனால் இந்த இடத்துக்கு அல்ல. ஏ.சி. சுவிட்சை டி.சி. பக்கம் போடுவதோ இன்னும் ஆபத்து. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வினாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்சைத் திறக்கும்போது எழும் பொறி தானே அணைகிறது, டி.சி.யில் அப்படி ஓர் இடைவெளியே இல்லாததால் பொறி நின்று எரியும். தவிர, குளிரக் குளிரப் பலகையின் வோல்ட் ஏறும். 50 வோல்ட் அளவிலான ஆறு பலகைகளைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட் வரும், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் காலையில் அதற்கும் சற்று மேலே போகும். அதற்கேற்ற டி.சி. அளவு குறித்ததையே அங்கே வையுங்கள்.

கேள்வி: எங்களிடம் ஏற்கெனவே நல்ல எம்.சி.பி. இருக்கிறது. அதன் மேல் மாட்டும் பூட்டு கிளிப்பை வாங்கிப் போட்டால் போதாதா?
(வாசகர், பென்னாகரம்)

பதில்: தரமான எம்.சி.பி. துண்டிப்புக்கும் தகுதியானதே, அதே தயாரிப்பாளரின் கிளிப்பாக இருந்தால் வீட்டுக்குள் பழுது பார்க்கும் வேலைக்குப் போதும். ஆனால் அந்தக் கிளிப் தனியாகக் கழலும் பொருள். வேண்டிய நாளில் அது மேசை இழுப்பறையில் இருக்கும், மின்வாரிய ஊழியர் கையில் இருக்காது. எம்.சி.பி.யை ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் பாதுகாப்பாக அப்படியே விட்டுவிட்டு, ஐசொலேட்டரைத் தனியாக வையுங்கள். ஐசொலேட்டர் தானாக டிரிப் ஆகாது, ஆகவே ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

கேள்வி: ஐசொலேட்டர் காம்பவுண்டுக்குள் இருக்கிறது. கேட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறோம், நாயும் உண்டு. சாவியை யாரிடம் கொடுப்பது?
(வாசகர், ஓசூர்)

பதில்: சாவி கொடுத்துவிட்டுப் போவது தீர்வாகாது, சுவிட்சையே கேட்டுக்கு வெளியே கை எட்டும் முகப்புச் சுவருக்கு, மீட்டரோடு சேர்த்து மாற்றுங்கள். அதில் நீங்கள் எந்தப் பூட்டும் மாட்டி வைக்க வேண்டாம். லைனில் வேலை செய்கிறவர் தன் பூட்டைத் தானே போட்டு, சாவியைத் தன்னோடு வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் தானே எடுப்பார். இரண்டு குழுக்கள் வேலை செய்தால் இரண்டு பூட்டுகள் தொங்கும். அதற்காகவே மூன்று பூட்டுகள் வரை கொள்ளும் கைப்பிடிகள் விற்கின்றன. உங்கள் வீட்டில் கம்பியாளர் வேலை செய்யும் நாளில் மட்டும், முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, பிறகு ஐசொலேட்டரைத் திருப்பி, அவருடைய பூட்டைப் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் "இவ்வீட்டில் இரு வழி மின்சாரம் உள்ளது" என்று தமிழில் எழுதிய பலகை ஒன்றும் வெயிலில் மங்காத வண்ணத்தில் இருக்கட்டும்.