காத் இலை: மெல்லும்போது ஊறும், அப்புறம் ஏன் வறள்கிறது?

கேள்வி: எத்தியோப்பியாவில் டிரே டாவா நகரில் கல்லூரி ஆசிரியராக இருக்கிறேன். வயது 41. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நண்பர்களோடு காத் இலை (கிளர்ச்சிக்காக மெல்லும் இலை, இங்கே ‘சாட்’ என்பார்கள்) மெல்லும் பழக்கம் ஆறு வருடமாக உண்டு. மெல்லும்போது உமிழ்நீர் நன்றாக ஊறுகிறது. ராத்திரியிலோ நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. இடது கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டும் தெரிகிறது. பயப்பட வேண்டுமா?

மருத்துவர் பதில்:

எதை மென்றாலும் உமிழ்நீர் ஊறும். அது தாடை வேலையால் வருவது. இலையிலுள்ள கத்தினோன் என்ற பொருள், ஆம்ஃபெட்டமின் என்ற போதை மருந்தைப் போல நரம்பைத் தூண்டும் ஊக்கி. அது உமிழ்நீரைக் குறைத்துக் கெட்டியாக்கும். துவர்ப்பைத் தரும் டானின்கள் வாய்க்கு வழவழப்புத் தரும் புரதங்களையும் திரியவைத்துவிடும். மென்றுகொண்டிருக்கும்வரை இதெல்லாம் தெரியாது, சக்கையைத் துப்பிய பிறகுதான் தெரியும். தூக்கத்தில் உமிழ்நீர் இயல்பாகவே குறைவு என்பதால் ராத்திரியில் அவதி அதிகம்.

வறட்சியைவிட எனக்குப் பெரிய கவலை, காத் மெல்லுபவர்கள் கசப்பு தெரியாமலிருக்கக் கூடவே சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை, டீ, கோலா. வாயின் பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல் எனாமல் கரையத் தொடங்கும். நல்ல உமிழ்நீர் அதை அரை மணி, ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடும். மணிக்கணக்கில் மிடறு மிடறாக இனிப்புக் குடித்தால் அதற்கு நேரமே கிடைக்காது. ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் இடத்தில், அதுவும் இலையை அடக்கும் பக்கத்தில், சொத்தை சீக்கிரம் பிடிக்கும்.

வீட்டிலேயே அளந்து பாருங்கள். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து, எதையும் மெல்லாமல் தலையைக் குனிந்து உட்கார்ந்து, ஊறும் எச்சிலை 15 நிமிடம் கிண்ணத்தில் வடியவிடுங்கள். சிரிஞ்சில் உறிஞ்சினால் 1.5 மி.லி.க்கு மேல் இருக்க வேண்டும். மெல்லாத நாளிலும் குறைவாகவே வந்தால் சர்க்கரை நோய், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் போன்ற வேறு காரணங்களையும் பார்க்கவேண்டும்.

இனிப்பை இன்றே நிறுத்துங்கள், வெறும் தண்ணீர் போதும். வறட்சிக்கு எலுமிச்சை சப்பாதீர்கள், அமிலம் கூடும். 1,450 பிபிஎம் ஃபுளூரைடு பேஸ்டால் இருவேளை தேய்த்து நுரையைத் துப்புங்கள், வாய் கொப்பளிக்க வேண்டாம். கோலா குடித்த உடனே பல் தேய்க்காமல் அரை மணி நேரம் விடுங்கள்.

வெள்ளைத் திட்டை ஈரத் துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். வழித்துக்கொண்டு வந்தால் பெரும்பாலும் பூஞ்சை. வறண்ட வாயில் அது சகஜம், மருந்துக்கு அடங்கும். வராவிட்டால் இலை அடக்குவதால் தோல் தடித்திருக்கலாம். மெல்லுவதை அடியோடு விட்டு இரண்டு வாரம் பாருங்கள். அப்போதும் மறையாவிட்டால், அல்லது நடுவில் சிவந்தாலோ புண்ணானாலோ கட்டிப்பட்டாலோ உடனே சதைப் பரிசோதனை அவசியம். காத் மட்டுமே புற்றுநோய் தரும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. கூடவே சிகரெட்டோ புகையிலையோ இருந்தால் ஆபத்து கூடுவது நிச்சயம்.

நிறுத்திய முதல் சில நாட்கள் சோர்வு, கெட்ட கனவு, லேசான நடுக்கம் வரலாம், தானே அடங்கும். பல் மருத்துவரிடம் பழக்கத்தை மறைக்காதீர்கள். காத் ரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் ஏற்றும். மரத்துப்போக அவர் போடும் ஊசியிலும் பெரும்பாலும் அட்ரினலின் இருக்கும், அதுவும் இந்த இரண்டையும் ஏற்றக்கூடியது.