எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ‘எனக்கு வரைய வராது’ என்று ஒதுங்குகிறார்கள். அவர்களுக்கு ஓவியமும் வடிவமைப்பும் எப்படிச் சொல்லித்தருவது?

புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 14 வருடமாக ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் நடப்பதை வைத்துச் சொல்கிறேன்.

ஐந்து வயதில் ஒரு வட்டம், நாலு கோடு போட்டு ‘இது அம்மா’ என்று சந்தோஷமாகக் காட்டிய பிள்ளைதான் இது. 13 வயதில் அது அம்மா மாதிரி இல்லை என்று அதற்கே தெரிந்துவிடுகிறது. கண் வளர்ந்த வேகத்துக்குக் கை வளரவில்லை, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து நாம் போர்டில் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம் வரைந்து ‘இதைப் பார்த்துப் போடு’ என்றால், கண்ணுக்கு வேலையே இல்லாமல் போகிறது. அதனால் மாதிரிப் படம் தருவதை நான் அறவே விட்டுவிட்டேன்.

ஜூனில் முதல் வகுப்புக்கு எவர்சில்வர் டம்ளர் போதும். வரையச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் வாயை இரண்டு பக்கமும் கூராக, இலை மாதிரி போடுவார்கள். அடிப்பாகத்துக்கு ஸ்கேல் வைத்து நேர்கோடு. கேட்டால், ‘மேசைமேல சமமாத்தானே நிக்குது டீச்சர்’ என்பார்கள். நான் திருத்த மாட்டேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டம்ளரின் வாய் கண்மட்டத்துக்கு வரும்வரை தூக்கச் சொல்வேன். வாய் வெறும் கோடாகிவிடும். அப்புறம் மெதுவாக இறக்கினால் கோடு விரிந்துகொண்டே வரும். ‘டீச்சர், வாயைத் திறக்குது!’ என்று ஒரு பையன் கத்தினான். சரி, வாயைவிட அடிப்பாகம் கண்ணுக்கு இன்னும் கீழேதானே இருக்கிறது, அப்படியானால் அதன் வளைவு கூடுமா குறையுமா என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் ரப்பரை எடுத்தார்கள்.

வடிவமைப்புக்குக் கோலத்தை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி. மொத்தம் 37. நடுப்புள்ளியை விட்டால் 36, அதை ஆறு பங்காக்கினால் பங்குக்கு ஆறு புள்ளி. ஒரு பங்குக்கு மட்டும் கோடு யோசிக்கச் சொல்வேன், மற்ற ஐந்தும் அதே கோட்டைச் சுற்றித் திருப்பி வைத்தால் வந்துவிடும். ‘எங்க அக்காதான் போடுவா’ என்று ஒதுங்கி நின்ற பையன்கள்கூட இதில் மும்முரமாகிவிடுகிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டில் செக்கு வைத்திருக்கிறார்கள். பாட்டிலில் ஒட்ட ‘கடலை எண்ணெய்’ என்று ஒரு லேபிள் செய்தோம். முதலில் வந்தவற்றில் சூரியன், வயல், மாட்டு வண்டி, ஐந்தாறு நிறம் எல்லாம் இருந்தன. சுவரில் ஒட்டி, 10 அடி தள்ளி நின்று படிக்கச் சொன்னேன். தடித்த எழுத்தில் மூன்று சுழி ‘ண’ இரண்டும் அடைத்துக்கொண்டு மைப்பொட்டு போலத் தெரிந்தன. கோட்டை மெலிதாக்கி, சுழிகளை அகலப்படுத்தி, வண்டியை எடுத்துவிட்டு, இரண்டே நிறத்தில் அந்தப் பெண் மறுபடி எழுதினாள். யார் வாங்குவார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்பதெல்லாம் அன்றைக்குத் தானாகவே பேச்சில் வந்தது.

வண்ணம் வாங்கக் காசில்லை என்பது பல பள்ளிகளில் உண்மையான கஷ்டம். செம்மண், அடுப்புக்கரி, மஞ்சள்தூள், ஊறவைத்த கருவேலம் பிசின், இவற்றை வைத்துப் பாதி வருடம் ஓட்டலாம். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும், ஆரத்தி கரைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. ஆனால் மஞ்சள் வெயிலில் வெளுக்கும். பாதியை மூடி ஜன்னலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிந்தால் பழைய ஓவியம் ஒன்றை நேரில் காட்டுங்கள். எங்களுக்குச் சித்தன்னவாசல் பக்கம். அங்கே குகைக் கோயிலின் கூரையில் வரைந்திருக்கும் 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்த்து, மீன், யானை, பூப்பறிக்கிறவர் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பார்கள். நிறம் உதிர்ந்த இடத்தில் கோடு எப்படிப் போயிருக்கும் என்று கேட்டால் அவர்கள் விரல் தானாகக் காற்றில் வரையும்.

பத்தாம் வகுப்பில் ஓவியப் பீரியடைக் கணக்குக்குக் கேட்பார்கள், தயவுசெய்து வாரம் ஒன்றையாவது விட்டுக்கொடுக்காதீர்கள். படத்துக்கு மார்க்கும் போடாதீர்கள். தேதி மட்டும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் அதே டம்ளரை மறுபடி வரையச் சொல்லி, ஜூன் மாதப் படத்தைப் பக்கத்தில் வைப்பேன். போன வருடம் ஒரு பையன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘வீட்டுக்குக் கொண்டுபோகவா டீச்சர்?’ என்று கேட்டான். அவன் எடுத்துப்போனது ஜூன் மாதப் படத்தையும் சேர்த்துத்தான்.