லித்தியம் மின்கலத்தின் எதிர்மின்முனைக்கான கார்பன்: சுடும் முறை குறித்த கேள்வி பதில்

கேள்வி (முதுநிலை மாணவி): பெட்ரோலியம் கோக்கை (எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரிப்பொருளை) 1,000 டிகிரி செல்சியஸில் சுட்டாலே கார்பன் கிடைத்துவிடுகிறது. பிறகு ஏன் 2,800 டிகிரி வரை செல்கிறார்கள்?

பதில்: 1,000 டிகிரியில் கார்பன் அடுக்குகள் உருவாகிவிடும், ஆனால் அவை ஒன்றுக்கொன்று கோணம் மாறிக் கிடப்பதால், லித்தியம் தங்க வேண்டிய இடங்களில் பல பயன்படாமல் போகும். ஏறத்தாழ 2,000 டிகிரியைத் தாண்டிய பிறகே அடுக்குகள் ஒழுங்குபெற்றுக் கிராஃபைட் ஆகி, அவற்றின் இடைவெளி 0.335 நானோமீட்டரை நெருங்கத் தொடங்குகிறது. ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில் கிராமுக்கு 372 மில்லிஆம்பியர் மணி என்னும் உச்சக் கொள்ளளவை எட்ட அந்த ஒழுங்கு தேவை. 2,000 டிகிரியோடு நிறுத்தினால் 1,000 டிகிரி மாதிரியைவிடக் கொள்ளளவு குறையவும் கூடும் என்பதால், பாதியில் உலையை அணைப்பது வீண் செலவு.

கேள்வி (பொறியியல் மாணவர்): தேங்காய்ச் சிரட்டைக் கரியையும் அவ்வாறே கிராஃபைட் ஆக்கலாமா?

பதில்: வெப்பத்தால் மட்டும் ஆகாது. கிராஃபைட் ஆகும் கார்பன், ஆகாத கார்பன் என்ற பிரிவை எக்ஸ்ரே ஆய்வாளர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் 1951இலேயே விளக்கிவிட்டார். சிரட்டை உருகாமலேயே கரியாவதால் அதன் குறுக்குப் பிணைப்புகள் அப்படியே நிலைத்துவிடுகின்றன. தாமிர இலக்கிலிருந்து வரும் எக்ஸ்ரேயின் சிதறலைக் கொண்டு பார்த்தால், கிராஃபைட்டில் 26.5 டிகிரி கோணத்தில் கூர்மையாக நிற்கும் சிகரம், இக்கரியில் அதற்கும் குறைந்த கோணத்தில் அகன்ற மேடாகவே தெரியும்.

கேள்வி (ஆய்வு மாணவர்): கரியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சுட்டதில் அதன் பரப்பளவு கிராமுக்கு 1,500 சதுர மீட்டராக உயர்ந்துள்ளது. இது நல்ல எதிர்மின்முனை ஆகுமல்லவா?

பதில்: மேற்பரப்பிலேயே மின்னூட்டத்தைச் சேமிக்கும் மீமின்தேக்கிக்கு (supercapacitor) நல்லது; லித்தியம் மின்கலத்துக்கு இதுவே பெருங்கேடு. முதல் மின்னேற்றத்தில் மின்பகுளி சிதைந்து கார்பனின் மேல் ஒரு படலம் படிகிறது; பரப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு லித்தியத்தை அப்படலம் விழுங்கிவிடும். லித்தியம் தகட்டை எதிரே வைத்துச் சோதிக்கும் அரைக்கலத்தில் இழப்பைத் தகடு ஈடுசெய்துகொண்டே இருப்பதால், பல சுழற்சிகளுக்குப் பிறகும் கொள்ளளவு அழகாகத் தெரியும். முழுக்கலத்திலோ நேர்மின்முனை கொண்டுவரும் லித்தியத்தைத் தவிர வேறு கையிருப்பு இல்லை. ஆகவே அருள்கூர்ந்து முதல் சுழற்சியின் திறனை (ஏற்றிய மின்னூட்டத்தில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்பதை) ஆய்வேட்டில் தவறாமல் குறிப்பிடுங்கள்; அதை மறைத்து வெளியிடும் கொள்ளளவுக்கு மதிப்பில்லை.

கேள்வி (ஆய்வகப் பணியாளர்): தாமிரத் தாளில் பூசிய கிராஃபைட், காய்ந்ததும் உரிந்து வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உலர்த்தும் வேகத்தைக் குறையுங்கள். பூச்சுக் குழம்பின் நீர் விரைவாக ஆவியாகும்போது, துகள்களை ஒட்டவைக்கும் ரப்பர் பிணைப்பான் அதனுடன் மேற்பரப்புக்கு ஏறிவிடுவதால், தாளை ஒட்டியிருக்கும் அடிப்பகுதியில் பிடிப்பு போதாமல் போகிறது.